போதைப்பொருட்கள் பற்றி யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் யாழ்ப்பாணத்தில் ஒரு மருந்தகத்தில் வேலை செய்யும் மருந்தாளர். சனசமூக நிலையங்களிலும் பாடசாலைகளிலும் போதைப்பொருள் பற்றிப் பேசக் கூப்பிடுவார்கள். கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கும் நேரத்தில்தான் உண்மையான கேள்விகள் வரும். ஒரு அம்மா ஓரமாகக் கூப்பிட்டுத் தணிந்த குரலில் கேட்பார். உயர்தரம் படிக்கும் ஒருவர் தன் செயற்றிட்டத்துக்குத் தகவல் எங்கே தேடுவது என்று கேட்பார். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே பதிலோடு தருகிறேன். பயமுறுத்துவதற்காக எதையும் கூட்டி எழுதவில்லை. நாம் பெருப்பித்துச் சொன்ன ஒரு விசயம் பொய் என்று பிள்ளை கண்டுகொண்டால், அதன் பிறகு உண்மையைச் சொன்னாலும் காதில் விழாது.

யாழ்ப்பாணத்தில் இப்போது எவை புழங்குகின்றன?

அதிகம் பேரைப் பாதிப்பது இன்றும் மதுவும் புகையிலையும்தான். சட்டவிரோதமானவற்றில் கேரள கஞ்சா பழையது. பாக்கு நீரிணை ஒடுக்கமானது. கடற்படையினர் பொதிகளோடு படகைப் பிடித்த செய்தி பத்திரிகையில் வராத மாதம் குறைவு. ஹெரோயின் பெரும்பாலும் அரபிக் கடல் வழியாக மீன்பிடிப் படகுகளில் இலங்கைக்கு வருகிறது. ஊரில் 'தூள்' என்பார்கள். 'ஐஸ்' என்பது மெத்தாம்பெற்றமைன், கண்ணாடித் துண்டு போன்ற பளிங்கு. அப்புறம் மாத்திரைகள்: பிரெகபலின், ட்ரமடோல் போன்ற, வைத்தியர் எழுதிக் கொடுக்க வேண்டிய மருந்துகள். பாடசாலை வாசல்வரை வருவது மாவா பாக்கு.

இவற்றை எல்லாம் ஒரே பெயரில் 'போதை' என்று அழைப்பதால் பெரிய சிக்கல் வருகிறது. ஒன்று மூச்சை அடக்கும், இன்னொன்று இதயத்தை ஓடவிடும். எதை எடுத்தார் என்று தெரியாமல் முதலுதவியும் இல்லை, சிகிச்சையும் இல்லை.

மூளையில் என்னதான் நடக்கிறது?

1954இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீற்றர் மில்னர் என்ற இருவர் எலிகளின் மூளையில் மெல்லிய மின்முனை ஒன்றைப் பொருத்தினார்கள். நெம்பை அழுத்தினால் மூளையின் குறிப்பிட்ட ஓரிடத்தில் சிறு மின்சாரம் பாயும். எலிகள் அந்த நெம்பை ஓயாமல் அழுத்தின. 'இது நல்லது, திரும்பச் செய்' என்று உடலுக்குக் கற்றுக்கொடுக்கும் ஒரு பாதை மூளையில் இருப்பது அப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தது. பசிக்குச் சாப்பிடுவதும், பிள்ளையைக் கொஞ்சுவதும், பரீட்சையில் சித்தியடைவதும் அந்தப் பாதையைத் தொடுகின்றன. அதில் ஓடும் முக்கிய இரசாயனம் டோபமைன்.

போதைப்பொருட்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வாசலால் அந்தப் பாதைக்குள் நுழைகின்றன. ஹெரோயின் உடலில் சில நிமிடங்களிலேயே மாறி மோர்ஃபினாகிறது. வலி தணிக்க நம் உடலே சுரக்கும் பொருட்களுக்கென்று இருக்கும் ஏற்பிகளில் அது போய் ஒட்டுகிறது. அந்த ஏற்பிகள் மூளைத்தண்டில் மூச்சை நடத்தும் இடத்திலும் இருக்கின்றன. அதனால்தான் ஹெரோயின் மரணம் பெரும்பாலும் மூச்சு நின்ற மரணம்.

ஐஸ் வேறு மாதிரி. நரம்பு முனையில் சேமித்து வைத்திருக்கும் டோபமைனை ஒரே தடவையில் வெளியே கொட்ட வைக்கிறது. திரும்ப உள்ளே போகவும் விடுவதில்லை. உடலில் அதன் பாதி அளவு குறையவே ஏறக்குறைய 10 மணித்தியாலம் எடுக்கும். எடுத்தவர் இரவு பகல் தூங்கமாட்டார், சாப்பிடமாட்டார், பல்லை நறநறவென்று கடிப்பார். நாட்கள் போகப் போக யாரோ தன்னைப் பின்தொடர்கிறார்கள், வீட்டுக்காரரே தன்னைப் பொலிஸில் காட்டிக்கொடுக்கப் பார்க்கிறார்கள் என்ற சந்தேகம் வரும். உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறும். இளம் வயதிலேயே மாரடைப்பும் பக்கவாதமும் வரலாம்.

கண்ணைப் பார்த்தாலே ஓரளவு பிரித்தறியலாம். ஹெரோயினில் கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கும், மாலை மங்கிய வெளிச்சத்திலும் விரியாது. ஐஸில் வெயிலில் நின்றாலும் அகன்றே இருக்கும்.

"ஒருமுறை தொட்டால் வாழ்நாள் அடிமை" என்கிறார்களே?

அப்படி இல்லை. இதை மேடையில் சொன்னபோது ஓர் ஆசிரியர் என்னைக் கோபித்துக்கொண்டார். ஆனாலும் சொல்ல வேண்டியது இதுதான். அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய கணக்கெடுப்பின் முடிவு 1994இல் வெளியானது. ஒருமுறையேனும் பாவித்தவர்களில் பின்னர் அடிமையானோர்: புகையிலையில் ஏறக்குறைய 32 வீதம், ஹெரோயினில் 23, மதுவில் 15, கஞ்சாவில் 9.

இதை இரண்டு விதமாக வாசிக்கலாம். ஒரு பெடியன் "பார்த்தீர்களா, முக்கால்வாசிப் பேர் தப்பிவிடுகிறார்கள்" என்பான். நான் சொல்வது: நாலு நண்பர்கள் சேர்ந்து ஹெரோயினைத் தொட்டால் ஒருவர் மாட்டுவார், அந்த ஒருவர் யாரென்று தொடுவதற்கு முன் யாருக்கும் தெரியாது. பரம்பரை, தொடங்கிய வயது, மனத்தில் ஏற்கெனவே உள்ள காயம், சுற்றி இருப்பவர்கள் எல்லாம் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன. போரும் இடப்பெயர்வும் விட்டுப்போன காயம் இங்கே எத்தனை வீடுகளில் இருக்கிறது என்று நம் எல்லோருக்கும் தெரியும்.

இன்னொரு ஆய்வையும் சொல்ல வேண்டும். வியட்நாம் போரில் இருந்த அமெரிக்கப் படையினரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அங்கே ஹெரோயினுக்கு அடிமையாகியிருந்தார்கள். லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் அவர்கள் நாடு திரும்பிய பின் தேடிப்போய்ப் பார்த்தார். அப்படி அடிமையாகியிருந்தவர்களில் முதல் ஆண்டில் மறுபடி அடிமையானவர்கள் ஏறக்குறைய 5 வீதம் மட்டுமே. இடமும் கூட்டாளிகளும் மாறியபோது பெரும்பாலோர் விட்டுவிட்டார்கள். மீளவே முடியாது என்று பிள்ளையைக் கைவிடுகிறவர்களுக்கு நான் இதைத்தான் எடுத்துச் சொல்வேன்.

கஞ்சா மூலிகைதானே, அதில் என்ன கெடுதல்?

ஆயுள்வேதத்தில் கஞ்சாவுக்கு இடம் உண்டு. பதிவு பெற்ற வைத்தியர்கள் சட்டப்படி மருந்தில் சேர்க்கிறார்கள். அதற்கும் கேரள கஞ்சாவைச் சுருட்டிப் புகைப்பதற்கும் சம்பந்தமில்லை. கஞ்சாவில் போதை தரும் டிஎச்சி என்ற பொருளை இஸ்ரேலிய வேதியியலாளர் ரபேல் மெசோலமும் அவருடைய சகாக்களும் 1964இல் பிரித்தெடுத்தார்கள். அது எவ்வளவு கூடுதலாக இருக்கிறதோ, எவ்வளவு சின்ன வயதில் தொடங்குகிறார்களோ, அவ்வளவுக்கு மனச்சிதைவு நோய்க்கான ஆபத்தும் கூடுகிறது. குடும்பத்தில் யாருக்காவது அந்த நோய் இருந்தால் இன்னும் கூடும். மூளை முதிர்ந்து முடிய 25 வயது அளவில் ஆகிறது. 15 வயதில் தினமும் புகைப்பதும் 40 வயதில் எப்போதாவது புகைப்பதும் ஒன்றல்ல.

கஞ்சா அளவு கூடி மூச்சு நின்று இறந்தவர்கள் இல்லை என்றே சொல்லலாம். அதையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

மாத்திரை என்றால் மருந்துதானே? அது எப்படிப் போதைப்பொருளாகும்?

என் வேலை மேசைக்கு முன்னால் அடிக்கடி நடப்பது இது. ஒரு தம்பி வருவார். கையில் மருந்துச்சீட்டு இருக்காது. கைபேசியில் ஒரு படம். மூலை மடிந்த ஒரு துண்டு, திகதிக்கு மேல் பெருவிரல் நிழல் விழுந்திருக்கும். "அம்மாவுக்கு நரம்பு வலி, பிரெகபலின் தாங்கோ" என்பார். அம்மாவின் வயது என்ன, எந்தக் கிளினிக் என்று கேட்டால் பதிலில்லாமல் போய்விடுவார். சில நாள் கழித்து வேறொரு தம்பி அதே படத்தோடு வருவார்.

பிரெகபலின் நல்ல மருந்து. நீரிழிவால் கால் எரியும் பெரியவர்களுக்கும் வலிப்பு நோயாளருக்கும் அது தேவை. கூடுதலாக எடுக்கும்போது மதுவெறி போல ஒரு தளர்ச்சி வரும். தனியாக எடுத்தாலே ஆபத்துத்தான். ஹெரோயினோடும் ட்ரமடோலோடும் மதுவோடும் சேரும்போது ஆபத்து பல மடங்காகிறது, ஏனென்றால் எல்லாமே மூச்சை மெதுவாக்குபவை. ட்ரமடோல் இன்னொரு கெடுதலும் செய்யும்: அளவு கூடினால் வலிப்பு வரும். மோட்டார் சைக்கிளில் போகும்போது வந்தால் என்னவாகும் என்று யோசியுங்கள்.

பெரியவர்களின் மாத்திரைப் பெட்டியை வீட்டில் எல்லோர் கையும் எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். எண்ணி வையுங்கள்.

மாவா சும்மா பாக்குத்தானே?

பாக்கு, புகையிலை, சுண்ணாம்பு சேர்ந்த கலவை. பாக்கிலுள்ள அரெகொலினும் புகையிலையிலுள்ள நிக்கொட்டினும் இரண்டுமே பழக்கப்படுத்துபவை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட தொகுப்பிலேயே, புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதிசெய்தது. தொடர்ந்து அதக்கினால் கன்னத்தின் உட்புறம் தடித்து இறுகி, வாயைத் திறக்கவே முடியாமல் போகும். மூன்று விரலை நிமிர்த்தி வாய்க்குள் வைக்க முடியாத பெடியளைப் பல் வைத்தியரிடம் அனுப்பியிருக்கிறேன். புகையிலை கலந்த இவ்வகைப் பொதிகளை விற்பது இலங்கையில் 2016 முதல் தடை. திருவிதாங்கூருக்குப் புகையிலை ஏற்றிய மண் இது; வெற்றிலைத் தட்டம் வீட்டு மரியாதை. அதனால்தான் இதைப் பிழையென்று சொல்ல நமக்கு வாய் வருவதில்லை.

பாடசாலைச் செயற்றிட்டத்துக்கு ஆராய வேண்டும். நம்பக்கூடிய தகவல் எது?

முதலில் நாட்டுத் தரவு. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை 1984ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. கைதுகள், கைப்பற்றிய அளவுகள், சிகிச்சை பெற்றவர்கள் பற்றிய தகவல் கைநூல் ஒன்றை அது ஆண்டுதோறும் வெளியிடுகிறது. உலகத் தரவுக்கு ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் அலுவலகம் ஆண்டுக்கொரு முறை வெளியிடும் அறிக்கை. மருத்துவக் கட்டுரைகளுக்கு பப்மெட் என்ற இணையத்தளத்தில் சுருக்கங்களை இலவசமாக வாசிக்கலாம்.

வாசிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கைது எண்ணிக்கை கூடினால் பாவனை கூடிவிட்டது என்று அர்த்தமில்லை. பொலிஸார் கூடுதலாகத் தேடியிருக்கலாம். சிகிச்சைக்கு வந்தவர் எண்ணிக்கையும் அப்படித்தான்: சிகிச்சை இடம் இல்லாத ஊரில் நோயாளியே இல்லாதது போலத் தெரியும். பத்திரிகைத் தலைப்பை எண்ணிப் பார்த்துவிட்டு 'யாழில் மாணவர்கள் எல்லாம் அடிமை' என்று எழுதினால், ஒழுங்காகப் படித்துக்கொண்டிருக்கும் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம் அது.

ஆய்வுக் கட்டுரை என்றாலும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். 2002இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் ரிக்கோர்ட்டேயின் குழு ஒரு முடிவை வெளியிட்டது: எக்ஸ்ரசி எனப்படும் எம்டிஎம்ஏயை ஓரிரவில் எடுக்கும் அளவே குரங்குகளின் டோபமைன் நரம்புகளைக் கடுமையாகச் சிதைக்கிறது என்று. பெயர்பெற்ற 'சயன்ஸ்' இதழில் வந்தது. உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. அடுத்த ஆண்டு அந்தக் கட்டுரையை அவர்களே திரும்பப் பெற்றார்கள். போத்தல்களில் பெயர்ச்சீட்டு மாறியிருந்தது. குரங்குகளுக்குப் போனது மெத்தாம்பெற்றமைன். எந்தப் பொருள், எவ்வளவு, யாருக்கு, எந்த வழியால் என்ற நாலு கேள்விக்கும் பதில் தராத எந்தத் தகவலையும் ஒதுக்கி வையுங்கள்.

பாவிப்பவர்களிடம் நேரில் கேட்டு ஆய்வு செய்யலாமா?

பல்கலைக்கழக மட்டத்தில் என்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். பாடசாலை மாணவர் செய்யவே வேண்டாம். வைத்தியரையோ உளவளத்துணையாளரையோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரையோ பேட்டி காணுங்கள், போதும். யாரிடம் கதைத்தாலும் பெயர், ஊர், பாடசாலை எதையும் எழுதாதீர்கள். சின்ன ஊரில் 'பருத்தித்துறைப் பக்கம், தகப்பன் வெளிநாட்டில்' என்று எழுதினாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். 'மாதிரி' என்று எதையும் வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது. ஆய்வுக்கு என்று சொன்னாலும் சட்டத்தின் முன் அது உடைமைதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

அடிப்படைச் சட்டம் 1929ஆம் ஆண்டின் நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச்சட்டம். 2 கிராம் அல்லது அதற்கு மேல் ஹெரோயின் வைத்திருந்தால் மரணதண்டனையோ ஆயுள் சிறையோ விதிக்கலாம். 2022 திருத்தம் ஐஸையும் சேர்த்தது. அதற்கு 5 கிராம். 1976க்குப் பிறகு இலங்கையில் யாரையும் தூக்கிலிடவில்லை. ஆனால் விளக்கமறியலில் கழியும் மாதங்களே ஒரு படிப்பை முடித்துவிடப் போதும்.

வீட்டில் சிறுநீர்ப் பரிசோதனை செய்து பார்க்கலாமா?

சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் பரிசோதனைப் பட்டி வாங்கிப் பார்க்கலாம். அதில் கிடைப்பது முடிந்த முடிவல்ல. ஹெரோயினும் ஐஸும் பெரும்பாலும் சில நாட்களே தெரியும். கஞ்சா, தினமும் பாவித்தவரில் வாரக்கணக்கில் தெரியும். கொடீன் கலந்த இருமல் மருந்து குடித்தவருக்கும் பட்டி ஹெரோயின் போலக் காட்டலாம். ஆய்வுகூடத்தில் உறுதிசெய்யாமல் யாரையும் குற்றம் சாட்டக்கூடாது. பிரெகபலின் சாதாரணப் பட்டிகளில் தெரியவே தெரியாது. அதோடு, பிள்ளையை மலசலகூட வாசலில் நிறுத்திப் போத்தல் நீட்டினால், அதன் பிறகு அந்தப் பிள்ளை உங்களிடம் மனம்விட்டுக் கதைக்குமா என்பதையும் யோசித்துச் செய்யுங்கள்.

மயங்கிக் கிடக்கிறார். என்ன செய்ய வேண்டும்?

உடனே 1990க்கு எடுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ், இலவசம். வரும்வரை ஆளை ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். வாந்தி எடுத்தால் மூச்சுக்குழாய்க்குள் போகாது. தேசிக்காய்ச்சாறு, மோர், உப்புத்தண்ணீர் எதுவும் வாயில் ஊற்றாதீர்கள். தலையில் வாளித் தண்ணீர் ஊற்றுவதாலும் பயனில்லை. மூச்சு நின்றுவிட்டால், செயற்கைச் சுவாசம் கொடுக்கத் தெரிந்தவர் உடனே தொடங்க வேண்டும்.

குறட்டைச் சத்தத்தை நம்பாதீர்கள். "நல்லாத் தூங்கினான், குறட்டைகூடக் கேட்டது, விடிய எழுப்பினால் எழும்பவில்லை" என்பது ஹெரோயின் மரணங்களில் திரும்பத் திரும்பக் கேட்கும் கதை. இழுத்து இழுத்து, நடுவில் நின்று நின்று வரும் கொறகொற சத்தம் தூக்கமல்ல, மூச்சு அடைபடுவது. நம் நிறத்துக்கு முகம் நீலமாவது எளிதில் தெரியாது. உதட்டின் உட்பக்கத்தையும் நகத்தையும் பாருங்கள், சாம்பல் பூத்திருக்கும்.

வைத்தியசாலையில் என்ன எடுத்தார் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். ஹெரோயின் வகைக்கு நலொக்சோன் என்ற மாற்று மருந்து உண்டு. ஏற்பியிலிருந்து ஹெரோயினைத் தள்ளிவிட்டு மூச்சைச் சில நிமிடத்தில் திரும்பக் கொண்டுவரும். ஐஸுக்கு அது வேலை செய்யாது. அயலவர் என்ன நினைப்பார்கள் என்று 'காய்ச்சல்' என்று சொன்னால், கையிலிருக்கும் மருந்தே பயன்படாமல் போகும். மாத்திரை அட்டை கிடந்தால் அதையும் எடுத்துப் போங்கள்.

மகன் பாவிக்கிறான் என்று தெரிந்துவிட்டது. அறையில் பூட்டி வைத்தால் விட்டுவிடுவானா?

பூட்ட வேண்டாம், அடிக்க வேண்டாம். ஹெரோயினை நிறுத்திய 6 முதல் 12 மணித்தியாலத்தில் உடல் உளைவு, மூக்கொழுகல், வயிற்றோட்டம், மயிர்க்கூச்செறிவு தொடங்கும்; இரண்டாம் மூன்றாம் நாள் உச்சம்; ஒரு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். பெரும் வேதனை, ஆனால் உயிரை எடுப்பது அரிது. வாந்தியும் வயிற்றோட்டமும் உடல்நீரை வற்றவைத்தால் மட்டும் பொல்லாதது. மதுவிலும் டயசிபாம் போன்ற தூக்க மாத்திரைகளிலும் கதை தலைகீழ். பல காலம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் சன்னியும் வந்து இறந்துபோகலாம். நல்லூர்த் திருவிழாவுக்கு விரதம் என்று ஒரே நாளில் நிறுத்துகிற பெருங்குடியர்களைப் பற்றி எனக்குக் கவலை உண்டு. விரதத்துக்கு முன் வைத்தியரைப் பாருங்கள், மருந்தோடு பத்திரமாக நிறுத்தலாம்.

விட்டுவிட்டு வந்த பிறகுதான் ஹெரோயினில் மிகப் பெரிய ஆபத்து. சில வாரம் விலகியிருந்தால் உடலின் தாங்குசக்தி இறங்கிவிடும், பழைய அளவு கொல்லும். அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து வெளிவந்தவர்களை ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார்கள்: முதல் இரண்டு வாரத்தில் போதைப்பொருள் அளவு கூடி இறக்கும் ஆபத்து சாதாரண மக்களைவிட 129 மடங்கு. கந்தக்காடு புனர்வாழ்வு நிலையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ பிள்ளை வீட்டுக்கு வருகிற அந்த வாரம், 'திருந்தி வந்துவிட்டான்' என்று எல்லோரும் மூச்சு விடுகிற வாரம். அப்போதுதான் பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும்.

கலியாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும் என்று சொல்வார்கள். சரியாகாது. இன்னொரு வீட்டுப் பெண் பிள்ளையையும் அந்தக் கிணற்றில் தள்ளுவதுதான் நடக்கும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

ஐஸால் கெட்ட மூளை திரும்ப வருமா?

ஓரளவு வரும். மெத்தாம்பெற்றமைன் பாவித்தவர்களின் மூளையைப் படம்பிடித்து நோரா வொல்கோவின் குழு 2001இல் வெளியிட்ட ஆய்வில், டோபமைனைத் திரும்ப உள்ளெடுக்கும் புரதம் மிகக் குறைந்திருந்தது. ஓராண்டு அல்லது அதற்கு மேல் விலகியிருந்த பின் அது கணிசமாக மீண்டிருந்தது. நினைவாற்றலும் கையின் விரைவும் அதே அளவுக்கு மீளவில்லை. இதற்கென்று நிரூபணமான மாத்திரை இன்னும் இல்லை; முறையான உளவளத்துணையும், விலகியிருக்கும் ஒவ்வொரு கட்டத்துக்கும் சிறு வெகுமதி தரும் சிகிச்சையும்தான் அதிகம் பலன் தருகின்றன. முதல் மாதங்களில் எதிலும் ருசியில்லாமல் சுருண்டு கிடப்பார்கள். அது சோம்பல் அல்ல, மூளை தேறுகிற காலம்.

சிகிச்சைக்கு எங்கே போவது?

யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் உண்டு. அரச வைத்தியசாலை, காசு இல்லை. முதலில் கதைத்துப் பார்க்க மட்டும் விரும்பினால் 1927, கட்டுப்பாட்டுச் சபையின் ஆலோசனை இலக்கம். மனநல உதவிக்கு 1926. தமிழில் கதைக்க வேண்டும் என்று ஆரம்பத்திலேயே சொல்லுங்கள். போகும்போது பாவித்த பொருள், எவ்வளவு காலம், கடைசியாக எப்போது, ஊசி ஏற்றினாரா என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ஊசி என்றால் மஞ்சட்காமாலை பி, சி, எச்ஐவி மூன்றுக்கும் இரத்தப் பரிசோதனை கேளுங்கள். ஊசி ஏற்றியவருக்குக் காய்ச்சல் விடாமல் இருந்தால் நாள் பார்க்காமல் போங்கள், கிருமி இரத்தம் வழியாக இதய வால்வில் தங்கியிருக்கலாம். பிள்ளை வர மறுத்தால் நீங்கள் மட்டுமாவது போய் வைத்தியரைப் பாருங்கள்.